தோமாசாவின் மகன்

1911 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், என்னைப் பெற்றவளை ஒரு அமெரிக்கரிடம் சமையல்காரி என்று சொன்னேன். நான் அப்போது பதினைந்து வயதுப் பெண். விவரம் தெரியாத வயது என்று பிற்பாடு பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். விவரம் நன்றாகவே தெரிந்திருந்தது.

என் அண்ணன் ஹசிந்தோ செகேராவை மதான்சாஸ் ஊரில் வயதானவர்கள் யாரும் மறக்கவில்லை. பேஸ்பால் ஆட்டத்தில் மூன்றாவது பேஸில் நின்றுகொண்டு, தரையோடு உருண்டு வரும் பந்தை அள்ளி, முழுதாக நிமிராமலே முதல் பேஸுக்கு எறிவான். அடித்தவன் பாதி தூரம் ஓடுவதற்குள் பந்து அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும். அடித்தவன் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவான். கூட்டம் எழுந்து தொப்பிகளை வீசும். அந்தக் காலத்தில் கியூபாவிலிருந்து வடக்கே அமெரிக்காவுக்குப் போய் அங்குள்ள பெரிய அணிகளில் ஆடிய விரல்விட்டு எண்ணக்கூடியவர்களில் அவனும் ஒருவன்.

அந்தக் கையை வளர்த்தவள் அம்மா. அவள் பெயர் தோமாசா. கறுப்பு என்றால் நல்ல கறுப்பு. அவளுடைய அம்மா கரும்புத் தோட்டத்தில் அடிமையாக இருந்தவள். அப்பா கனாரித் தீவிலிருந்து வந்து சரக்கு வண்டி ஓட்டிய வெள்ளைக்காரர். எனக்கு நான்கு வயதாகும்போது மஞ்சள் காய்ச்சலில் போய்விட்டார். அவர் எங்களுக்கு விட்டுப்போனது அவருடைய பெயரையும் நிறத்தையும்தான். நானும் அண்ணனும் வெயிலில் நின்றால் சிவப்போம், கறுக்க மாட்டோம். தெருவில் அம்மாவோடு போனால் தெரியாதவர்கள் எங்களை யாரோ பெரிய வீட்டுப் பிள்ளைகள் என்றும், அவளை ஆயா என்றும் நினைத்துக்கொள்வார்கள்.

அம்மா ஊரின் நீலச்சட்டை அணிக்குத் துணி வெளுத்தாள். மைதானத்து வேலியிலேயே காயப்போடுவாள். சட்டை காயும்வரை அவளுக்கு வேறு வேலை இல்லை, ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்த்துப் பார்த்து, நடுவரைவிட அவளுக்கு அதிகம் தெரிந்துவிட்டது. பழைய காலுறையைப் பிரித்து, பாட்டில் தக்கையைச் சுற்றி இறுக்கிப் பந்து தைத்தாள். துணி அடிக்கும் கட்டையால் அதை அடித்துவிடுவாள். சிந்தோ பாய்ந்து பிடித்துத் திருப்பி எறிய வேண்டும். வீட்டில் அவன் சிந்தோ.

"பந்து உன்கிட்ட வர்ற வரைக்கும் நிக்காதடா, நீ அதுகிட்டப் போ. அது என்ன உன் மாமியாரா, பயந்து நிக்கறதுக்கு?" என்று கத்துவாள். தெருவே சிரிக்கும்.

அவனுக்கு இருபத்தொரு வயதானபோது வடக்கிலிருந்து அழைப்பு வந்தது. நீலச்சட்டை அணியின் காரியங்களைக் கவனித்துக்கொண்டிருந்த உருத்தியா என்பவர், வடக்கத்து அணியின் ஆள் வருவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே வீட்டுக்கு வந்தார். வெள்ளை லினன் துணியில் தைத்த உடுப்பு, நறுமண எண்ணெய் போட்ட மீசை. உட்காரக்கூட இல்லை.

"சொல்லிடறேன் ஹசிந்தோ. அவங்க ஊர்ல ஒரு சொட்டு கறுப்பு ரத்தம் இருந்தாலும் மைதானத்துக்குள்ள விட மாட்டாங்க. உன் முகத்தப் பார்த்தா பிரச்சினை இல்ல. வெள்ளைக்காரன்னு பத்திரமெல்லாம் நான் வாங்கித் தந்துடறேன். ஆனா அந்தாளு வீட்ட ஒரு தடவ பார்க்கணும்ங்கறாரு."

அவர் அம்மா இருந்த பக்கம் பார்க்கவே இல்லை. அம்மா சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நான் ஆத்துக்குப் போயிடறேன்," என்றாள்.

"நீ எதுக்கு எங்கயும் போகணும்?" என்றான் அண்ணன்.

"அப்ப அடுப்படில இருக்கேன்."

அவன் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. முடி திருத்துகிற ஒனேலியோ தன் கடையிலிருந்து இரண்டு நல்ல நாற்காலிகளைத் தலையில் சுமந்து வந்து போட்டான். அவனும் கறுப்பன்தான். "அந்த அமெரிக்கன் தெருவுல எவனக் கேட்டாலும் ஒண்ணும் வெளிய வராது, தோமாசா. எங்களுக்கு ஸ்பானிஷே தெரியாது," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அமெரிக்கர் வந்தார். ஹார்லன் என்று பெயர். மதான்சாஸ் வெயிலில் கம்பளிக் கோட்டும் போட்டுக்கொண்டு, கழுத்தெல்லாம் சிவந்து, ஒனேலியோவின் நாற்காலியில் உட்கார்ந்தார். உருத்தியா மொழிபெயர்த்தார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்பாவின் ஊரைப் பற்றிக் கேட்டார், வயதைக் கேட்டார், அண்ணனின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அப்போது அம்மா காபித் தட்டோடு வந்தாள்.

அவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு அண்ணனின் வாயையும் மோவாயையும் பார்த்தார். ஏதோ கேட்டார்.

"இந்தப் பொம்பள யாருங்கறாரு," என்றார் உருத்தியா.

அண்ணன் வாயைத் திறந்தான். அவன் என்ன சொல்லப் போனான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அவனைச் சொல்ல விடவில்லை.

"சமையல்காரி," என்றேன். "ரொம்ப வருஷமா இங்கதான் கெடக்கா. காது வேற சரியாக் கேக்காது."

காது கேட்காது என்று யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. அவர் அவளிடம் ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று பயந்து நானாகச் சேர்த்தேன். அதோடும் நிற்கவில்லை. நம்ப வேண்டுமே என்று, "ஏய், சர்க்கரை எங்க? கொண்டா!" என்று உரக்கக் கத்தினேன்.

"இதோ, சின்னம்மா," என்றாள் அம்மா. குனிந்து, கொஞ்சம் காலை இழுத்துக்கொண்டு, செவிடி மாதிரியே உள்ளே போனாள்.

அவர்கள் போன பிறகு நான் கதவைச் சாத்தினேன். அம்மாதான் முதலில் சிரித்தாள். "காது கேக்காதா? அத எங்கேருந்துடி பிடிச்ச?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். சொன்ன பொய்யைக்கூட எப்படியோ தாங்கிக்கொள்கிறேன். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

அண்ணன் வடக்கே போனான். முதல் வருஷமே பத்திரிகைகளில் படம் வந்தது. "கலப்பில்லாத ஸ்பானிய ரத்தம்" என்று எழுதினார்கள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. நான் படிக்கும்போது அந்த வரியை விட்டுவிட்டு, எத்தனை ஓட்டம், எத்தனை பந்து பிடித்தான் என்பதை மட்டும் படித்தேன்.

கடிதங்கள் என் பெயருக்கு வந்தன. அவனுடைய அணியில் ஸ்பானிஷ் தெரிந்த குமாஸ்தா ஒருவன் இருந்தான். கடிதங்களைப் பிரித்துப் பார்ப்பானோ என்று அண்ணனுக்குப் பயம். அதனால் கடைசி வரியில் எப்போதும், "சமையல்காரியையும் விசாரித்ததாகச் சொல்" என்று எழுதுவான். நான் அம்மாவிடம், "அம்மாவுக்கு ஆயிரம் முத்தம்னு எழுதியிருக்கான்" என்று படிப்பேன்.

ஒருநாள் நான் தையல் வகுப்பிலிருந்து திரும்பத் தாமதமாகிவிட்டது. கடிதம் வந்திருக்கிறது, அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. எடுத்துக்கொண்டு ஒனேலியோவிடம் போய்விட்டாள். அவன், பாவம், இருந்ததை இருந்தபடி படித்துவிட்டான். நான் வீட்டுக்கு வந்தபோது கடிதம் மேசைமேல் மடித்து வைத்திருந்தது. அம்மா கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த தடவையும் நீயே படி," என்றாள். "அவன் எழுதறத விட நீ படிக்கறது நல்லா இருக்கு."

அதற்குப் பிறகும் நான் ஆயிரம் முத்தம் என்றே படித்தேன். அவளும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

குளிர்காலத்தில் அண்ணன் கியூபாவுக்கு வருவான். ஹவானாவில் தங்குவான். எங்களைப் பார்க்க வந்தால் பகல் இரண்டு மணிக்கு வருவான். அந்த வெயிலில் ஜன்னல்களெல்லாம் சாத்தியிருக்கும், தெருவில் நாய்கூட இருக்காது. ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, தொப்பியை இறக்கிக்கொண்டு போய்விடுவான்.

1912 நவம்பரில் அவனுடைய அணியே ஹவானாவுக்கு ஆட வந்தது. அண்ணன் எனக்கு ஒரு சீட்டு அனுப்பினான், நிழல் பக்கத்து இருக்கை. ஒன்றுதான் அனுப்பினான். அம்மா தன் காசில் வெயில் பக்கம் வாங்கிக்கொண்டாள். நானும் அவளும் ஒரே ரயிலில் போனோம். வாசலில் பிரிந்தோம். என் பக்கத்தில் விசிறியோடு பெரிய வீட்டுப் பெண்கள். மைதானத்துக்கு அந்தப் புறம், கறுப்புத் தலைகளுக்கு நடுவே, அம்மாவின் மஞ்சள் தலைத்துணி தெரிந்தது. மற்றவர்களெல்லாம் கத்தினார்கள், குதித்தார்கள். அது மட்டும் அசையவே இல்லை.

அன்றைக்கு அண்ணன் பிரமாதமாக ஆடினான். ஆட்டம் முடிந்து வீரர்கள் வெளியே வரும் வாசலில் கூட்டம் முண்டியது. நான் அம்மாவோடு போய் நின்றேன், இரண்டடி தள்ளி. அண்ணன் சக ஆட்டக்காரர்களோடும் அவர்களுடைய மனைவிமார்களோடும் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தான்.

"சிந்தோ!" என்றாள் அம்மா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பொன்னிறத் தலைமுடிக்காரி ஒருத்தி ஏதோ கேட்டாள். அண்ணன் அவளுக்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னான். எனக்கு அப்போது கொஞ்சம் ஆங்கிலம் புரியும். "என் துணி வெளுத்தவள்" என்றான். அது பொய்கூட இல்லை. அம்மாவைப் பார்த்து, தெரிந்தவர்களுக்கு ஆட்டுவதுபோல் தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறினான். நான் என் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரயிலில் அம்மா ரொம்ப நேரம் ஜன்னல் வழியாகக் கரும்புக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழுதுவிட்டால் நானும் அழுது, ஏதாவது சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன்.

"அம்பாரோ, அவனுக்குக் காகிதம் எழுது," என்றாள். "தோள்ல வலி இருக்கு அவனுக்கு. யாருக்கும் தெரியாம மறைக்கறான்."

"நல்லாத்தானே எறிஞ்சான்?"

"எறியறதுக்கு முன்னாடி ஒரு அடி அதிகமா வெக்கறான். முழங்கை கீழ எறங்குது. இந்தக் குளிர்காலம் பூரா பந்தத் தொடக்கூடாதுன்னு எழுது. தொட்டான்னா கை போயிடும்."

எழுதினேன். "அம்மா சொல்கிறாள்" என்று எழுதக் கை வரவில்லை. "எனக்குத் தோன்றுகிறது" என்று எழுதினேன். அண்ணன் பதில் போட்டான்: "உனக்கு பேஸ்பால் பற்றி என்ன தெரியும், குட்டி? போய்த் துணி தைக்கிற வேலையைப் பார்." அம்மாவின் பெயரைப் போட்டிருந்தால் கேட்டிருப்பான். மைதானத்தில் அவள் பேச்சை அவன் ஒருநாளும் தட்டினதில்லை.

1914 கோடையில் கை போய்விட்டது. மூன்றாவது பேஸிலிருந்து எறிந்த பந்து முதல் பேஸுக்குப் போகாமல் பாதியில் விழுந்து உருண்டது என்று பத்திரிகையில் எழுதினார்கள். திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஹவானாவில் வெள்ளைக்காரர்கள் மட்டும் சேரக்கூடிய ஒரு சங்கத்தில் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை கிடைத்தது. அந்த வேலைக்கும் அதே பொய் தேவைப்பட்டது.

அதே வருஷம் எனக்குக் கல்யாணம் ஆனது. என் கணவர் ஃபெர்மின், ஸ்பெயினிலிருந்து வந்து துணிக்கடை வைத்தவர். நல்ல மனிதர். அவரிடம் உண்மையைச் சொன்னேன். யோசித்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல, அம்பாரோ. ஆனா என் அண்ணன் குடும்பம், கடைக்கு வர்றவங்க..." என்று இழுத்தார். "அவங்க நம்மகூடவே இருக்கட்டும். யாராவது கேட்டா..."

"கேட்டா, சமையல்காரி," என்றேன். இந்தத் தடவையும் நான்தான் சொன்னேன்.

அம்மா ஆற்றைக் கடந்து, எங்களைத் தெரியாத தெருவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தாள். பின்கட்டில் அடுப்படியை ஒட்டின அறை. ஒன்பது வருஷம் இருந்தாள். நாங்கள் தனியாக இருக்கும்போது அவளை அம்மா என்று கூப்பிடலாம் என்றுதான் முதலில் பேச்சு. வேலைக்காரி வருவாள், கடைப் பையன் வருவான், வாய்தவறிவிடக்கூடாது என்று தனியாக இருக்கும்போதும் கூப்பிடுவதை விட்டேன். எந்த வருஷம் விட்டேன் என்றுகூட நினைவில்லை.

என் மகள் கிரசியேலா பிறந்தாள். அம்மாதான் வளர்த்தாள். முற்றத்தில் கூழாங்கல்லை வைத்து அவளுக்கு எறியச் சொல்லிக் கொடுத்தாள். குழந்தை அவளைத் தோமாசா என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஐந்து வயதில் ஒருநாள், குளிக்க மாட்டேன் என்று அடம்பிடித்து, தண்ணீர் வாளியை அவள்மேல் எட்டி உதைத்து, "போடி கறுப்பி! நீ சொன்னா நான் ஏன் கேக்கணும்?" என்று கத்தினாள். நான் பக்கத்து அறையில் இருந்தேன். எழுந்து போனால் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. எழுந்திருக்கவில்லை. அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. "உதை பலமா இருக்கு. மாமனப் போல," என்றாள். குழந்தைக்கு அது புரிந்திருக்காது.

1923இல் அம்மா இறந்தாள். மூன்று நாள் காய்ச்சல். எங்களுக்குப் பழகின சமையல்காரி என்று அக்கம்பக்கத்தில் துக்கம் விசாரித்தார்கள். வேலைக்காரியை இவ்வளவு மரியாதையாக அடக்கம் செய்கிறீர்களே என்று என்னைப் பாராட்டினார்கள். நான் அவர்களுக்கு நன்றி சொன்னேன்.

அண்ணன் அடக்கம் முடிந்த மறுநாள் வந்தான், பகல் இரண்டு மணிக்கு. அவள் அறையில், அவள் கட்டிலில் உட்கார்ந்தான். வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அப்போதே அந்தக் கை தலைக்குமேல் எழும்பாது.

"அந்தக் கடுதாசி," என்றான். "தோள் வலின்னு எழுதினியே. அது அவ சொன்னதுதானே?"

"ஆமா."

"ஏன் அவ சொன்னான்னு எழுதல?"

"நீ ஏன் அவள சமையல்காரின்னு எழுதின?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். அதன் பிறகு அவன் என் வீட்டுக்கு வரவே இல்லை. 1934இல் ஹவானாவில் நெஞ்சுநோயால் இறந்தான். ஸ்பானிய சங்கத்தின் கல்லறையில் புதைத்தார்கள்.

சென்ற வருஷம் நகராட்சி, நாங்கள் பிறந்த தெருவுக்குப் பின்னால் பழைய மைதானத்தில் இப்போது இருக்கும் சிறு பூங்காவுக்கு அவன் பெயரை வைக்க முடிவு செய்தது. பெனித்தெஸ் என்ற இளம் அதிகாரி கல்வெட்டுக்கான வாசகத்தோடு வீட்டுக்கு வந்தார். மரியாதையான பிள்ளை. படித்துக் காட்டினார்: "கனாரித் தீவின் உயர்குடிப் பெற்றோருக்குப் பிறந்து..."

"பெற்றோர் இல்ல தம்பி," என்றேன். "அப்பா மட்டுந்தான். அம்மா இந்த ஊர்க்காரி. தோமாசா. கறுப்பு இனத்தவ. துணி வெளுத்தா."

அவர் பேனாவை மூடினார். காது நுனி சிவந்துவிட்டது.

"அம்மா... கல்லுல இடம் கம்மி. அதுவும் அவரே சொல்லிக்காத விஷயம். நாம சொன்னா அவருக்கு மரியாதையா இருக்குமா?"

நான் அவரோடு வாதாடவில்லை. "உங்க இஷ்டம்" என்றேன். கல் அப்படியே செதுக்கப்பட்டது.

திறப்பு விழாவுக்கு வாத்தியக் குழு வந்தது, மேயர் வந்தார், ஹவானா சங்கத்திலிருந்து நான்கு பேர் வந்தார்கள். கிரசியேலா தன் கணவனோடும் மாமனாரோடும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வார்த்தை பேசும்படி என்னை அழைத்தார்கள். நன்றி சொல்லிவிட்டு உட்காரத்தான் எழுந்தேன். கல்லில் இருந்த அந்த முதல் வரி எனக்கு நேராக இருந்தது.

"எங்க அம்மா பேரு தோமாசா," என்றேன். "இந்த எடத்துலதான் துணி காயப்போட்டா. என் அண்ணனுக்கு ஆட்டத்தக் கத்துக்கொடுத்தவ அவதான். அவ கறுப்பா இருந்தான்னு, அவன் பெரியாளாகணும்னு, அவள சமையல்காரின்னு சொன்னேன். நான்தான் மொதல்ல சொன்னேன். அப்புறம் அவள அப்படியே வெச்சிருந்தேன், சாகற வரைக்கும்."

பெனித்தெஸ் கைகாட்ட, வாத்தியக் குழு அவசரமாக ஆரம்பித்தது. அதில் ஒருவன் தாளம் தப்பினான். கிரசியேலாவின் மாமனார் எழுந்து போனார். பின்னாலேயே கிரசியேலாவும் போனாள்.

கூட்டம் கலைந்தபோது ஒரு கிழவன் தடியூன்றிக்கொண்டு என்னிடம் வந்தான். ஒனேலியோ என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

"நாங்க என்ன தெரியாமலா இருந்தோம், அம்பாரோ?" என்றான். "நீ ஆத்தத் தாண்டிப் போனதும் தெரியும், அவ உன் வீட்டு அடுப்படில இருந்ததும் தெரியும். அவளே சொன்னா. ஞாயித்துக்கிழமை மார்க்கெட்டுக்கு வர்றப்போ எல்லாம் கடைக்கு வருவா. பத்திரிகைல சிந்தோ பேரு வந்திருந்தா படிக்கச் சொல்லுவா."

"என்னப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

"உன் பொண்ணு நல்லா எறியறான்னு சொல்லுவா. உன்னப் பத்தி ஒண்ணும் சொன்னதில்ல."

கிரசியேலா இரண்டு மாதம் வரவில்லை. அவள் கணவனின் கடையில் வாடிக்கைக்காரர்கள் குறைந்துவிட்டார்கள் என்று பிறர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்தாள். கைப்பையைக் கீழே வைக்காமலே நின்றாள்.

"அவங்கமேல நான் வாளிய உதைச்சேன்," என்றாள். "எனக்கு அது ஞாபகம் இருக்கு. நீங்க வீட்லதான் இருந்தீங்க."

"இருந்தேன்."

"எனக்கு மட்டுமாவது சொல்லியிருக்கலாமே. நான் சின்னப் பொண்ணு, யார்கிட்ட போய் சொல்லப்போறேன்? உங்க பொய்ய என் வாயிலயும் வெச்சு வளர்த்துட்டீங்க." பையைத் திறந்தாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவங்ககிட்ட எப்பவாவது மன்னிப்புக் கேட்டீங்களா?"

"இல்ல," என்றேன். "ஒம்போது வருஷம் ஒரே வீட்ல இருந்தோம். கேக்கல."

அவள் பைக்குள்ளிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்து மேசைமேல் வைத்து, அம்மாவைப் புதைத்த இடத்தின் வரிசை எண்ணை அதில் எழுதித் தரச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன். நானும் வருகிறேன் என்று எழுந்தேன்.

"வேண்டாம்," என்றாள். "இன்னிக்கு நான் மட்டும் போறேன்."

கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.